மெடூசா கண்ணை மூடிக்கொண்டால்

ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதை அழுகுணி ஆட்டம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தாயக்கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து இதற்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் விதியை மாற்றும் உரிமையோடு ஒருவரை உட்காரவைத்துவிட்டே தொடங்குகிற ஆட்டம் ஒன்று உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருத்தி வாள் வீரர், ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தி திருடி. ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்பதில்லை. மீதி உலகம் முழுவதையும் அவர் ஏற்கிறார். குகை, மழை, சத்திரக்காரர், குகைக்குள் காத்திருக்கும் அரக்கர் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். வாள் பட்டதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன பொருள் என்பதை அவர் சொல்வார்.

முதல் பதிப்பில் அவருக்குப் பெயர் நடுவர். ஓரிரு ஆண்டுகளில் 'டஞ்சன் மாஸ்டர்' ஆனார், நிலவறையின் எஜமான். நான் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன். எஜமானர்கள் நமக்குத் தேவையான அளவுக்கு மேலேயே இருக்கிறார்கள்.

முதல் பதிப்பு மூன்று சிறு நூல்கள். இரண்டாவதன் பெயர் 'அரக்கர்களும் புதையலும்'. இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது: அரக்கர் என்பவர் புதையலுக்குக் குறுக்கே நிற்பவர். 1977-இல் அரக்கர்களுக்கென்றே தனிக் கெட்டி அட்டைப் புத்தகம் வந்தது. அகர வரிசையில் நூற்றுக்கணக்கான உருவங்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு பட்டியல்: எத்தனை பேராக வருவார்கள், எவ்வளவு அடி தாங்குவார்கள், அறிவு எவ்வளவு, புதையல் எந்த வகை, அறச்சார்பு நல்லதா தீயதா. நடுவர் இந்தப் பட்டியலில் உள்ளதை மேசையில் மாற்றலாமா? மாற்றினால், அது நடுநிலையா, எஜமானத்தனமா? ஆடுகிறவர்களிடையே இது ஐம்பது வருடச் சண்டை. ஆடாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். விதியால் ஆளப்படுவதா, விதியைத் தளர்த்தும் ஒருவரின் கருணையால் ஆளப்படுவதா என்ற கேள்வி பெண்களுக்குப் புதிதில்லை.

1979-இல் நடுவர்களுக்கென்று கைகாக்ஸ் எழுதிய கையேடு இதில் மிக வெளிப்படையானது. பகடை சொன்னதை எப்போது வேண்டுமானாலும் மீறும் உரிமையை அது நடுவருக்குக் கொடுக்கிறது. நன்றாக ஆடியும் பகடையின் கொடுமையால் சாகப்போகிற பாத்திரத்தை ஒரு கண்ணையோ ஒரு கையையோ மட்டும் இழக்கவைத்துப் பிழைக்க விடலாம் என்கிறது. அதே பக்கத்தில், அரக்கருக்கும் சம வாய்ப்பு கொடுக்க மறக்காதீர்கள் என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை அதுதான். பிடிக்காதது முன்னுரையில் இருக்கிறது: நடுவர் அல்லாத ஒருவர் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் அவர் கௌரவமான சாவுக்கும் தகுதியற்றவராம். கிண்டல்தான். ஆனால் படிக்கக் கூடாதவர் படித்தால் என்ன தண்டனை என்று கிண்டலாகவும் கிண்டலில்லாமலும் எழுதிவைத்த மரபுகளை அறிந்தவர்களுக்குச் சிரிப்பு முழுதாக வருவதில்லை.

மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மறைவில் நடப்பது. நடுவர் தன் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்திவைத்திருப்பார். அதன் பின்னால் பகடையை உருட்டுவார், அரக்கரின் உயிர்ப்புள்ளிகளைக் குறித்துவைப்பார். ராட்சதனுக்கு இன்னும் 14 புள்ளி இருக்கிறது. வாள்காரி கொடுத்த அடி 9. அடுத்த முறை அவன் அடித்தால் அவள் செத்துப்போவாள். நடுவர் பென்சிலால் 14-ஐ அடித்துவிட்டு, "விழுந்துவிட்டான்!" என்கிறார். எல்லாரும் கை தட்டுகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் கொண்டாடுகிற வெற்றி அவளுடையது இல்லை என்பதுதான் நஷ்டம். அவளுக்கு அது தெரியாது என்பதால் நஷ்டம் இல்லாமல் போய்விடாது. வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசியில் "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்கப்படுகிற பெண்ணும் சம்மதம் என்றுதான் சொல்கிறாள், சில சமயம் சிரித்துக்கொண்டே. உன் நன்மைக்காக உன்னிடம் மறைத்தோம் என்ற வாக்கியத்தைக் கேட்காமல் நாற்பது வயதைத் தாண்டிய பெண் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்த வாக்கியத்தில் உள்ள அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு என்னை என் செயலிலிருந்து பிரித்துவிடுகிறது என்பதே என் வழக்கு.

இன்னொன்றும் நடக்கிறது, இதை ஆடுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை மறைவில் காப்பாற்றிய நடுவர், அதன்பிறகு நேரும் ஒவ்வொரு சாவுக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். அன்று 14-ஐ அடிக்க முடிந்தவர் இன்று ஏன் அடிக்கவில்லை? பகடை கொன்றது என்று இனி அவர் சொல்ல முடியாது. காப்பாற்றும் ஆற்றல் உள்ளவர் காப்பாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவாகிவிடுகிறது. எல்லாம் வல்ல கடவுளிடம் மனிதர்கள் கேட்கிற அதே கேள்வி, ஓர் அட்டைத் தடுப்பின் பின்னால் சின்ன அளவில்.

அப்படியானால் அச்சிட்ட விதியையே பிடித்துக்கொள்வோம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், பலம் 18 கிடைத்த போர்வீரருக்கு நூறு வரை எண் தரும் கூடுதல் உருட்டல் ஒன்று உண்டு. மனித ஆணுக்கு நூறு வரை போகும். மனிதப் பெண் 50-இல் நின்றுவிட வேண்டும். நெருப்பு கக்கும் பறவைநாகம் சாத்தியமான உலகில் 51 பலம் உள்ள பெண் சாத்தியமில்லை! அடுத்த ஆண்டின் நடுவர் கையேட்டில், நகரத் தெருவில் தற்செயலாக எதிர்ப்படுவோரைத் தீர்மானிக்கும் அட்டவணைகளோடு, பாலியல் தொழில் சார்ந்தவர்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்த அட்டவணையும் இருக்கிறது. பகடையை உருட்டி எந்த வகைப் பெண் வந்தாள் என்று பார்த்துக்கொள்ளலாம். பலத்தின் அந்த வரம்பு 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நீங்கியது. இடைப்பட்ட பதினொரு வருடங்களில் ஒரு பெண் 51-க்கு மேல் போக வேண்டுமென்றால், யாராவது ஒரு நடுவர், "என் மேசையில் அந்த விதி கிடையாது" என்று சொல்லியிருக்க வேண்டும். நடுவரின் தன்னிச்சையைத் திட்டும்போது அந்தப் பெயர் தெரியாத நடுவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரிஸ்டாட்டில் தன் 'நிகோமகிய அறவியல்' ஐந்தாம் பகுதியில் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார். சட்டம் பொதுவாகவே பேச முடியும். ஆனால் வாழ்வில் வருகிறவை எல்லாம் தனித்தனி. எனவே சட்டத்தை இயற்றியவர் இப்போது இங்கே இருந்திருந்தால் என்ன சொல்வாரோ அதைச் சொல்லித் திருத்துவது நீதிக்கு எதிரானது இல்லை, அதுவே மேலான நீதி என்கிறார். உவமையாக லெஸ்போஸ் தீவுக் கொத்தனார்களின் ஈய அளவுகோலைக் காட்டுகிறார். அது கல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்து அளக்கும். சாஃபோவின் தீவிலிருந்து அரிஸ்டாட்டிலுக்கு இந்த இடத்தில் நினைவு வந்தது ஒரு கொத்தனார் கருவி என்பதையும் ரசித்துவிட்டு மேலே போகலாம். என் தயக்கம் இதுதான்: அளவுகோலை வளைக்கிற கை யாருடையது? அரிஸ்டாட்டில் நியாயமான மனிதர் ஒருவரை நம்புகிறார். நமக்கு வாய்த்த நியாயமான மனிதர்கள் தந்தையாக, கணவராக, ஊர்ப் பெரியவராக வந்தார்கள். அவர்கள் வளைத்தபோது அது பெரும்பாலும் நம்மைச் சுற்றித்தான் வளைந்தது.

தமிழ் இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு வேறொரு கருவி கைக்கு வருகிறது. வழு, வழாநிலை என்ற இரண்டோடு நம் இலக்கணிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. மூன்றாவதாக வழுவமைதி என்று ஒன்றை வைத்தார்கள். விதிப்படி பிழைதான், ஆனால் ஒரு காரணம் பற்றி ஏற்கப்பட்ட பிழை. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் திணை தவறுகிறது. உவப்பினால் சொன்னது என்று காரணம் காட்டினால் அமைகிறது. இதில் என்னை ஈர்ப்பது தளர்வு இல்லை. காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம். மனதுக்குள் வைத்துக்கொண்ட காரணத்தால் வழு அமையாது.

இனி மெடூசா. இந்த ஆட்டத்தின் அரக்கர் பட்டியலில் அவள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறாள். பதிப்புக்குப் பதிப்பு அவள் விதி மாறியிருக்கிறது. 1977 நூலில் அவள் பார்வை கல்லாக்கும். 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பதிப்பில், அவளைக் காண்பதே கல்லாக்கும். இரண்டுக்கும் வேறுபாடு சின்னதாகத் தோன்றலாம். முதலாவதில் அவள் பார்க்கிறாள். இரண்டாவதில் அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டிருந்தாலும் போதும், அவள் தோற்றமே குற்றம். 2014 பதிப்பில் எதிரே நிற்பவரைச் சோதனைக்கு உட்படுத்த மெடூசாவால் முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். 'முடியும்' என்ற ஒரு வினையால், வேண்டாம் என்று விடவும் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதே பதிப்பு அவளுக்கு ஒரு முன்கதையும் சேர்த்தது: அழியாத அழகும் இளமையும் வேண்டி வரம் கேட்டவர்கள், ஆணோ பெண்ணோ, பிறகு அதற்கு விலையாக இந்த உருவத்தைப் பெறுகிறார்கள். ஓவிடின் 'மெட்டமார்ஃபஸிஸ்' நான்காம் பகுதியில் நடந்தது வேறு. மினர்வாவின் கோயிலில் நெப்டியூன் மெடூசாவை வன்புணர்கிறான். தேவி கேடயத்தால் தன் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பிறகு தண்டனையை மெடூசாவுக்குக் கொடுக்கிறாள். முதலில் கண்ணை மூடிக்கொண்டவள் அந்தத் தேவிதான். ஆட்டப் புத்தகத்தில் வன்முறை மறைந்து, அவள் அழகின் மீது கொண்ட ஆசை மட்டும் மிஞ்சியது. விதி திருந்தியது, பழி போகவில்லை.

ஹெலன் சிக்ஸூ 'மெடூசாவின் சிரிப்பு' கட்டுரையை 1975-இல் வெளியிட்டார். ஆட்டம் வெளிவந்த மறு ஆண்டு, அரக்கர் நூலுக்கு இரண்டு ஆண்டு முன்பு. மெடூசாவை நேராகப் பாருங்கள், அவள் சாகடிக்கிறவள் இல்லை, சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர் வாதம். பாரிசில் எழுதப்பட்டது லேக் ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு நடுவர் அதைப் படித்துவிட்டு மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை என் முன்னாள் மாணவிகள் ஆடிய ஓர் ஆட்டத்தில் பார்த்தேன்.

அவர்கள் ஆடியது 1981-இன் பழைய விதிகளை வைத்து. நான் பார்வையாளர் மட்டும். குகையின் கடைசி அறையில் மெடூசா. நடுவராக இருந்தவள் பகடையைக் கையில் எடுக்கும் முன்பே சொன்னாள்: "இங்க ஒரு விதிய மாத்துறேன். இவளப் பார்த்தா கல்லாக மாட்டீங்க. இவ உங்களப் பார்த்தாதான் ஆவீங்க. இவ இப்ப கண்ண மூடிட்டு உட்கார்ந்திருக்கா." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வகுப்பில் சிக்ஸூவை நடத்தியது நான்.

திருடிப் பாத்திரம் ஏற்றிருந்தவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் மூணு வாரமா ஒரு கண்ணாடியத் தூக்கிட்டு அலையிறேன்டி. ஊர்ல கெழவி சொன்னா, நீயேதான் கெழவியாப் பேசின, அவ தன் உருவத்தப் பார்த்தா அவளே கல்லாயிடுவான்னு. கயிறு வாங்காம கண்ணாடி வாங்கினேன். இப்பக் கண்ண மூடிட்டான்னா என் மூணு வாரம் என்னாச்சு?" என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்லுங்க, இது நியாயமா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பார்வையாளருக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. மெடூசாவுக்குக் கிடைத்த நீதி, விதியை நம்பித் தன் மூன்று வாரத்தைச் செலவழித்த இன்னொரு பெண்ணின் கணக்கில் எழுதப்படுகிறது. நல்ல நோக்கத்தோடு விதியை மாற்றுகிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். பழைய விதி அநியாயமானதாக இருக்கலாம். அதை நம்பித் திட்டமிட்டவள் அநியாயக்காரி ஆகிவிட மாட்டாள். அவளுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கடன் நடுவருக்கு இருக்கிறது. அந்த மேசையில் அந்தக் கடன் பாதிதான் தீர்க்கப்பட்டது: பகடை விழும் முன்பு சொல்லப்பட்டது, கண்ணாடி வாங்கும் முன்பு சொல்லப்படவில்லை.

இருபது நிமிடம் வாதாடினார்கள். மந்திரவாதி கேட்டாள்: "இவளுக்கு மட்டுமா, இனிமே வர்ற எல்லா மெடூசாவுக்குமா?" நடுவர் யோசித்து, "எல்லாருக்கும்" என்றாள். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். இந்தக் கேள்விதான் சலுகையையும் தீர்ப்பையும் பிரிக்கிறது. இன்று இவளுக்கு மட்டும் என்றால் அது கருணை, நாளை திரும்பப் பெறலாம். இனி எல்லாருக்கும் என்றால் நடுவரும் அதற்குக் கட்டுப்பட்டவள். நாளை தனக்கு ஒரு கொடூர மெடூசா தேவைப்பட்டாலும் அவளுக்கும் இமை இருக்கும்.

திருடி கடைசியில், "சரி, அப்ப நான் கண்ணாடியப் பிடிச்சுட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கேன். எப்பக் கண்ணத் திறக்குறாளோ திறக்கட்டும்" என்றாள். மற்றவர்கள் புதையலை எண்ணிக்கொண்டிருக்க, அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அன்றைய ஆட்டம் அப்படியே நின்றது.

மெடூசா ஒருத்தி. ஒரு கூட்டத்தையே அரக்கர் என்று எழுதிவைத்த விதியை மாற்றுவது இன்னும் கடினம். கைகாக்ஸ் எழுதிய 'கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகச நூலில் குகைகள் நிறைய உண்டு. ஓர்க், கோபோல்டு, கோப்ளின் என்று ஒவ்வொரு குலமும் ஒரு குகையில். ஆண்கள் எத்தனை என்று மட்டும் எழுதியிருந்தால் ஆட்டம் சுலபமாக முடிந்திருக்கும். கோபோல்டுகளின் பொது அறையில் பெண்களும் குழந்தைகளும் எண்ணப்பட்டிருக்கிறார்கள். குழந்தைகள் தாக்கமாட்டார்கள் என்ற குறிப்போடு. வாளோடு அந்த அறைக்குள் நுழைந்தவர்கள் திகைத்து நின்ற கதை இந்த ஆட்டக்காரர்களிடம் ஏராளம். பட்டியலில் தீயவர் என்று போட்டிருக்கிறது. எதிரே இருப்பது குழந்தை. 2005-இல், பிடிபட்டுச் சரணடைந்த தீயவர்களை அறவீரர் கொல்லலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன கைகாக்ஸ், ஈர்தானே நாளைக்குப் பேனாகும் என்ற பழைய அமெரிக்கச் சொலவடையை எடுத்துக்காட்டி, அது கண்கூடான உண்மை என்றார். 1864-இல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரபஹோ மக்களின் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்த படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் சிவிங்டனோடு சேர்த்து நினைக்கப்படும் சொலவடை அது. அரக்கருக்கும் சம வாய்ப்பு கொடுங்கள் என்று எழுதிய அதே கை. எனக்கு இந்த முரண் புதிராகக்கூட இல்லை. சம வாய்ப்பு சண்டைக்குத்தான். யார் அரக்கர் என்ற முடிவு சண்டைக்கு முன்பே எழுதி முடிந்துவிட்டது.

அரக்கி என்று தமிழில் எழுதும்போது தாடகை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பெண் மீது அம்பு விடலாகாது என்று ராமன் தயங்குகிறான். அவன் கையில் இருப்பது ஒரு விதி, நல்ல விதி. விசுவாமித்திரர் அந்த விதியைத் தொடவே இல்லை. இவளைப் பெண் என்று எண்ணாதே என்கிறார். விதி அப்படியே இருக்க, ஆளை வெளியே எடுத்துவிட்டார். தேர்ந்த நடுவர்.

இப்போது ஆட்டத்தை வெளியிடுகிற நிறுவனம், ஒரு குலம் முழுவதையும் தீயது என்று காட்டியது தவறு என 2020-இல் அறிவித்தது. 2024 பதிப்பில் ஓர்க் நாம் ஏற்கக்கூடிய பாத்திரமானது. 2025 பிப்ரவரியில் வந்த அரக்கர் நூலில் ஓர்க்குக்குத் தனிப் பதிவே இல்லை. நல்ல மாற்றம்தான், நான் வரவேற்கிறேன். ஒரு சின்ன வருத்தத்தோடு. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அந்த அறை வாசலில் வாளோடு திகைத்து நிற்க யாருக்கும் அவசியம் இராது. தவறான விதி ஒன்று, ஒரு நடுவரை வாய் திறக்க வைத்தது. "இவர்கள் இந்தக் குகையில் அப்படி இல்லை" என்று அவர் காரணத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஏன் என்று கேட்க வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதியதில் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் திணையைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மெடூசா பார்த்தாளா, பார்த்ததா? ராட்சதன் விழுந்தானா, விழுந்ததா? ஆங்கிலத்தில் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லித் தப்பிக்கலாம். தமிழில் வினைமுற்று விடாது. நன்னூலார் உயர்திணைக்குள் மக்களையும் தேவரையும் மட்டும் வைக்கவில்லை, நரகரையும் வைத்தார். நரகத்தில் கிடப்பவர்களும் உயர்திணைதான், 'அவர்'தான். பவணந்தி முனிவர் அறச்சார்பு எண்ணைப் பார்த்துத் திணை பிரிக்கவில்லை.

என் மாணவிகளின் மேசையில் யாரும் நன்னூலை நினைத்துப் பேசவில்லை. நடுவர் தொடக்கத்திலிருந்தே 'அவ' என்றாள். வாள்காரி குகைக்குள் வரும்வரை 'அது' என்றவள், கண் மூடியிருக்கிறது என்று கேட்ட பிறகு தானறியாமல் 'அவங்க' என்று மாறினாள். கண்ணாடி பிடித்து எதிரே உட்கார்ந்திருந்தவள் கோபத்தில் பேசியபோதும் 'அவ'தான்.